ஹாஷிமா: நிலக்கரித் தீவின் குடியிருப்புகள்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஜப்பானில் நாகசாகிக்குத் தென்மேற்கே, கடலுக்குள் ஒரு சின்னத் தீவு. பெயர் ஹாஷிமா. தூரத்திலிருந்து பார்த்தால் போர்க்கப்பல் நிற்பதுபோலத் தெரியும். அதனால் ‘குன்கான்ஜிமா’, போர்க்கப்பல் தீவு என்றே அழைத்தார்கள். நீளம் 480 மீட்டர், அகலம் 160 மீட்டர். அதற்குள் 1959-ல் 5,259 பேர் குடியிருந்தார்கள்! இன்று ஒருவர்கூட இல்லை. ‘பேய்த் தீவு’ என்று படம்பிடித்துப் போடுகிறார்கள். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. பிள்ளை பெற்று, பள்ளிக்கு அனுப்பி, குடித்தனம் நடத்திய ஊர் அது.

1890-ல் மிட்சுபிஷி அந்தத் தீவை வாங்கியது. நிலக்கரி இருந்தது கடலுக்கு அடியில். போகப் போகச் சுரங்கம் கடல்மட்டத்துக்குக் கீழே 1,000 மீட்டர் வரை இறங்கியது. உள்ளே தாங்கமுடியாத வெக்கை, புழுக்கம். வேலை முடிந்து மேலே வந்த தொழிலாளி, போட்ட துணியோடு முதல் தொட்டியில் இறங்குவான். அதில் கடல்நீர். இரண்டாவது தொட்டியிலும் கடல்நீர்தான். கடைசித் தொட்டியில்தான் நல்ல தண்ணீர். 1957-ல் கடலடிக் குழாய் போடும்வரை குடிநீர் படகில்தானே வந்தது!

இனி வீடுகளுக்கு வருகிறேன். இடம் கிடையாது, புயலுக்கோ குறைவில்லை. ஆகவே 1916-ல் கான்கிரீட்டில் அடுக்குமாடி எழுப்பினார்கள். 30-ஆம் எண் கட்டடம், ஏழு மாடி. ஜப்பானின் முதல் பெரிய கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு அதுதான். பிறகு ஒன்பது மாடிகூடக் கட்டினார்கள், லிஃப்ட் இல்லாமல். பாறை உச்சியில் சுரங்க மேலாளருக்குத் தனி வீடு. அதிகாரிகளுக்கு வசதியான வீடுகள். சாதாரணத் தொழிலாளி குடும்பத்துக்குச் சின்ன வீடு, பொதுக் கழிப்பறை. புல் முளைக்கக்கூட மண் இல்லாத ஊர். அதனால் கரையிலிருந்து மண் கொண்டுவந்து மொட்டைமாடியில் கொட்டிக் காய்கறி போட்டார்கள், நெல்லும் நட்டார்கள். பிள்ளைகள் நாற்று என்றால் என்னவென்று பார்த்தது அங்கேதான்.

ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் பலவந்தமாகக் கொண்டுவந்து இதே சுரங்கத்தில் இறக்கினார்கள். அலை அடிக்கும் கீழ்த்தளங்களில் அடைபட்டுக் கிடந்ததை உயிரோடு திரும்பிய கொரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். உச்சியில் மேலாளர், அடியில் இவர்கள். யாருக்கு என்ன மதிப்பு என்பதை அந்த வீடுகளே காட்டிக்கொடுக்கின்றன.

பெட்ரோலியம் வந்து நிலக்கரியைத் தள்ளியது. 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள். ஏப்ரலில் கடைசிக் குடும்பமும் படகேறிவிட்டது.

2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எதற்காக என்று பாருங்கள்: மெய்ஜி பேரரசர் காலத் தொழில் வளர்ச்சிக்காக. அந்தக் காலம் 1912-லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் எழுந்த இந்த அடுக்குமாடிகளுக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை! பலர் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்று பட்டியலில் சேர்த்த அந்தக் கூட்டத்திலேயே ஜப்பான் ஒப்புக்கொண்டது. அதைச் சொல்ல ஒரு தகவல் மையமும் திறந்தார்கள். எங்கே? டோக்கியோவில்! அங்கே சொன்னதும் போதாது என்று 2021-ல் உலகப் பாரம்பரியக் குழு கடுமையாக வருந்தியது.

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்கிறது. 30-ஆம் எண் கட்டடத்தின் ஒரு பகுதி 2020-ல் சரிந்துவிட்டது. மிச்சம் நிற்கும்போதே, எந்தத் தளத்தில் யார் இருந்தார்கள் என்பதைக் கொரியர், சீனர் உட்பட எழுதி அந்தத் தீவின் படகுத்துறையிலேயே வைக்க வேண்டும். இறங்குகிறவர் முதலில் படிப்பது அதுவாக இருக்க வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.