பூனை யார் கட்சி?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தக்கலைப் பெரியோர்களே, வணக்கம். எட்டு நிமிஷம் கொடுத்தார்கள். மைக்கைச் சரிசெய்வதிலேயே ஒன்று போய்விட்டது. அதனால் வாழ்த்துப்பா இல்லை.

தலைப்பு, ‘மன்னரும் நாடாளுமன்றமும் உள்ள நாடுகளில் ஆட்சிக்கு அச்சாணி அரண்மனையா, அமைச்சரவையா?’ நான் அமைச்சரவைப் பக்கம். சீட்டுக் குலுக்கியதில் விழுந்த பக்கம்தான். ஆனால் ராத்திரி உட்கார்ந்து படித்ததில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

எனக்கு முன்னால் பேசிய டீச்சர் ஒரு போடு போட்டார், கவனித்தீர்களா? லண்டனில் பிரதமர் வீட்டில் லாரி என்று ஒரு பூனை இருக்கிறதாம். 2011-ல் வந்ததாம். கேமரூன், தெரசா மே, ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டதாம். “பூனையின் ஆயுசுகூட இல்லாத அமைச்சரவை, இது அச்சாணியா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், மறைக்கவில்லை.

ஆனால் டீச்சர், அந்தப் பூனைக்கு ஒரு பதவிப் பெயர் இருக்கிறதே, அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? ‘அமைச்சரவை அலுவலகத்தின் தலைமை எலிபிடிப்பாளர்’. அரண்மனை எலிபிடிப்பாளர் இல்லை, அமைச்சரவை அலுவலக எலிபிடிப்பாளர்! எங்கள் பூனையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எங்களையே கேலி செய்தால் எப்படி?

இன்னொன்று. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் தினமும் டிரைவர் மாறுகிறார். கண்டக்டரும் மாறுகிறார். முதல் சீட்டில், ஜன்னலோரமாக, ஒரே ஆள் இருபது வருஷமாக ஏறி இறங்குகிறார். எல்லோரும் அவருக்கு வணக்கம் வைக்கிறார்கள், அவரும் பதிலுக்குத் தலையசைக்கிறார். அதற்காக பஸ்ஸை அவர்தான் ஓட்டுகிறார் என்று சொல்வீர்களா? பிரிட்டனில் ஒரு பிரதமர் காலையில் போய் ராஜினாமா கொடுப்பார். அன்றைக்கே இன்னொருவர் அரண்மனைக்குப் போய்ப் பொறுப்பேற்று வருவார். கீழே நிரந்தர அதிகாரிகள் அப்படியே இருப்பார்கள், கோப்பும் அப்படியே இருக்கும். பூனையும் அப்படியே இருக்கும். ஆள் போனாலும் ஸ்டியரிங் அந்த நாற்காலிக்கு முன்னால்தான் இருக்கிறது.

ராஜா நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைத்து ஒரு உரை வாசிக்கிறாரே, ‘என் அரசு இதைச் செய்யும், அதைச் செய்யும்’ என்று, அதை எழுதுவது யார்? அமைச்சர்கள். மசோதாவுக்கு ஒப்புதல் தரமாட்டேன் என்று அங்கே கடைசியாக ஒருவர் சொன்னது 1708-ல், ஆன் ராணி. முந்நூறு வருஷம் தாண்டியாயிற்று, அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

திறந்த ஒருவர் பெல்ஜியத்தில் இருந்தார். இந்தக் கதைக்காகத்தான் நான் இன்றைக்கு வந்ததே.

1990. ராஜாவின் பெயர் போதுவான். மிகுந்த கடவுள் பக்தி உள்ளவர், குழந்தை இல்லாதவர். கருக்கலைப்பை ஓரளவு அனுமதிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அவர் மேஜைக்கு வருகிறது. அங்கே சட்டத்துக்கு ராஜா கையெழுத்து வேண்டும். அது மட்டும் போதாது, கூடவே ஒரு அமைச்சரும் போட வேண்டும். ராஜா பிரதமர் மார்ட்டென்ஸுக்குக் கடிதம் எழுதிவிட்டார். ‘என் மனசாட்சி இடம் தரவில்லை, நான் கையெழுத்துப் போட மாட்டேன்.’

பிரதமர் என்ன செய்வார்? சட்டத்தைக் கிழித்துப் போடலாமா? மக்கள் சபை நிறைவேற்றியது. ராஜாவை அனுப்பிவிடலாமா? நல்ல மனுஷர். நம்ம ஊர்க் கல்யாணத்தில் தாய்மாமன் முறுக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் என்ன செய்வோம்? ‘மாமாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிட்டு, அவர் செய்ய வேண்டியதை வேறொருவரை வைத்துச் செய்துவிட்டு, பந்திக்கு மாமாவைக் கையைப் பிடித்து அழைத்து வருவோம் இல்லையா?

அதேதான் செய்தார்கள்! ராஜாவால் ஆள முடியாத நிலை வந்தால் அமைச்சரவை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ராஜா எதிரியிடம் சிறைப்பட்டால் உதவும் பிரிவு அது. 1940-ல் ஜெர்மன்காரர்கள் இவருடைய அப்பாவைப் பிடித்தபோது அப்படித்தான் உதவியது. 1990-ல் ராஜா எங்கே இருக்கிறார்? அரண்மனையில், சுகமாக! ஏப்ரல் 4, அமைச்சரவை அறிவிக்கிறது: ‘மன்னரால் ஆள முடியவில்லை.’ அமைச்சர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். சட்டம் ஆயிற்று. மறுநாள் நாடாளுமன்றம் கூடியது. ‘மன்னரால் இப்போது ஆள முடிகிறது.’ மாமா பந்திக்கு வந்துவிட்டார்!

சுமார் ஒன்றரை நாள், ஐயா. அந்த ஒன்றரை நாளில் பெல்ஜியத்தில் ராஜா இல்லை. ரயில் ஓடியது, தபால் வந்தது, ரொட்டிக் கடை திறந்தது. இதையே திருப்பிப் போடுங்கள், ராஜா இருந்து அமைச்சரவை இல்லாமல் ஒன்றரை நாள்... டீச்சர் கையைத் தூக்குகிறார். “அதே பெல்ஜியத்தில் 2010-லும் 2011-லும் அரசு அமைக்க 541 நாள் ஆயிற்றே?” என்கிறார். ஆயிற்று. அந்த 541 நாளும் பழைய அமைச்சரவைதான் காபந்து அரசாக வேலை பார்த்தது. கேள்விக்கு நன்றி.

அந்த நாட்டில் இன்னொன்று எனக்குப் பிடித்தது. அமைச்சர்கள் பதினைந்து பேருக்கு மேல் கூடாது. பிரதமரைத் தவிர டச்சு பேசுகிறவரும் பிரெஞ்சு பேசுகிறவரும் சரிபாதி இருக்க வேண்டும். களியக்காவிளைச் சந்தையில் தமிழும் மலையாளமும் கலந்து மீன் விலை பேசிய எவருக்கும் அதன் நியாயம் புரியும்.

நமக்கு இதெல்லாம் புதிதா? 1750-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ‘நான் தாசன்’ என்று நின்றார். ராஜாவே தாசன் என்றால் கணக்கு வழக்கு யார் பார்த்தது? தளவாய், பிற்பாடு திவான், அதாவது அந்தக் காலத்துத் தலைமை அமைச்சர். இன்றைக்கும் நவராத்திரி வந்தால் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பிரிகை மாளிகையில் உடைவாள் கைமாறுகிறது. வாள் ராஜாவுடையது, சுற்றி நிற்பது அமைச்சர்களும் அதிகாரிகளும். அரண்மனை நம்ம ஊரில், சாவி கேரளத் தொல்லியல் துறையிடம்!

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் ஒரு நிமிஷம், ஐயா.

2022 செப்டம்பர் 6. பால்மோரல் அரண்மனை. எலிசபெத் ராணிக்கு 96 வயது. ஒரு கையில் தடி, மறு கையை நீட்டிப் புதுப் பிரதமர் டிரஸ்ஸுக்குக் கை கொடுக்கிறார். அந்தப் புறங்கை முழுக்கக் கறுநீலமாகக் கன்றிப்போயிருக்கும். படத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டே நாளில் இறந்துவிட்டார். வந்த பிரதமர் 49 நாளில் வீட்டுக்குப் போனார். அது கிடக்கட்டும். எழுந்து நிற்கவே முடியாத வயதில் அந்த அம்மாள் எதற்காக நின்றார்? ஒரு அமைச்சரவை பிறக்க வேண்டும் என்பதற்காக.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஆச்சியின் கைதான் ஞாபகம் வந்தது. டிரிப் ஏற்றி ஏற்றி இடது கை அப்படியேதான் கன்றியிருந்தது. தேர்தல் அன்றைக்கு, “என்னைத் தூக்கிட்டுப் போ மக்கா” என்று ஒரே பிடிவாதம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் தம்பியும் தூக்கிக்கொண்டு போனோம். மை வைக்க விரலைப் பிடித்த அந்தப் பெண், ஆச்சிக்கு வலிக்குமே என்று தயங்கினார். “வச்சிரு பிள்ளே, நல்லா வச்சிரு” என்றாள் ஆச்சி.

பதினோராம் நாள் ஆச்சி போய்விட்டாள். குளிப்பாட்டும்போது அம்மா அந்த விரலை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மை போகவே இல்லை.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.