சாமோரோ மொழியை உடைத்தது ஸ்பெயினா, அமெரிக்காவா?

[திரையில்: பசிபிக் வரைபடம், மரியானா தீவுகள்]

பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே வரிசையாகக் கிடக்கிறதே, இதுதான் மரியானா. சாமோரோ இங்குள்ள பூர்வகுடி மக்களின் மொழி. தெற்கு நுனியில் இருப்பது குவாம். 1521-ல் ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி இங்கே வந்த மெகல்லன், உள்ளூர்க்காரர்கள் ஒரு சின்னப் படகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வீடுகளைக் கொளுத்தி, ஏழு பேரைக் கொன்றுவிட்டு, 'திருடர் தீவுகள்' என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார். யார் திருடர் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஸ்பெயினின் பிடி இறுகியது 1668-ல், பாதிரியார் சான் விட்டோரஸ் வந்த பிறகு. சண்டை, அம்மை, வடக்குத் தீவுக்காரர்களைக் கூட்டமாகக் குவாமுக்குப் பெயர்த்தது என எல்லாம் சேர்ந்து 1710 வாக்கில் மிஞ்சியவர்கள் 4,000 பேர்கூட இல்லை. சாமோரோக்கள் வீட்டில் வைத்து வணங்கிய முன்னோர் மண்டையோடுகளை ஸ்பானியர்கள் உடைத்தார்கள், இளைஞர்கள் கூடித் தங்கிய 'குமா உரிதாவ்' வீடுகளை எரித்தார்கள்.

ஆனால் மொழி சாகவில்லை! ஹாச்சா, ஹுகுவா, துலு என்று எண்ணியவர்கள் உனு, தோஸ், த்ரேஸ் என்று ஸ்பானிய எண்களுக்கு மாறினார்கள், ஏராளமான சொற்களையும் கடன் வாங்கினார்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்ட வீடுகளிலும் பிள்ளைகள் பேசியது அம்மாவின் மொழியைத்தான்.

[திரையில்: 1898]

அப்புறம் ஸ்பெயின் போரில் அமெரிக்காவிடம் தோற்று, குவாம் அமெரிக்கக் கடற்படையின் கைக்குப் போனது. என் கணக்கில் அடி விழுந்தது இங்கேதான், அதுவும் வகுப்பறையில். 1917-ல் ஆங்கிலம்தான் அலுவல் மொழி என்று உத்தரவு, பள்ளி வளாகத்தில் சாமோரோ பேசினால் தண்டனை, 1922-ல் சாமோரோ அகராதிகளைத் திரட்டி எரித்தே விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வடக்குத் தீவுகளை 1899-ல் ஸ்பெயினிடமிருந்து ஜெர்மனி வாங்கியது. அங்கே அதிகாரியாக இருந்த கேயோர்க் ஃபிரிட்ஸ், இந்தத் தடைகளுக்கு முன்பே உட்கார்ந்து சாமோரோ இலக்கணமும் அகராதியும் எழுதியிருந்தார்.

1941 முதல் 1944 வரை குவாமில் ஜப்பானிய ஆக்கிரமிப்பு. திரும்பி வந்த அமெரிக்கா விளைநிலங்களை எடுத்துக்கொண்டு ராணுவத் தளம் கட்டியது. நிலம் போனவர்களுக்குச் சம்பள வேலை வேண்டும், வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். பள்ளியில் அடி வாங்கி வளர்ந்தவர்கள், நம் பிள்ளைக்கு அந்தப் பாடு வேண்டாம் என்று வீட்டிலேயே ஆங்கிலத்துக்கு மாறினார்கள். 1668 முதல் 230 ஆண்டு ஸ்பானிய ஆட்சியில் நடக்காதது இரண்டு தலைமுறையில் நடந்தது.

1974-ல் குவாமில் சாமோரோவும் அலுவல் மொழியானது, அந்தப் பத்தாண்டிலேயே பள்ளிப் பாடமுமானது. ஆனால் எழுத்துக்கூட்டில் குவாம் ஒரு முறை, வடக்கே இன்னொரு முறை. 1898-99-ல் குவாமை அமெரிக்காவுக்கும் வடக்கை ஜெர்மனிக்கும் கொடுத்து ஸ்பெயின் போட்ட அந்தக் கோடு இன்னும் நடுவில் நிற்கிறது.