முதல் வாரம் படிக்கட்டிலேயே

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். முப்பது ஆண்டுக்கு மேல் விசில் ஊதியவன். பரீட்சை முடிந்ததும், "சார், பாப்பாவுக்கு அஞ்சு வயசாகுது, எந்த விளையாட்டுல சேர்க்கலாம்?" என்று யாராவது வந்து நிற்பார்கள். நான் யோசிக்காமல் சொல்வது நீச்சல். கிரிக்கெட் தெரியாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஏரியும் வாய்க்காலும் கிணறும் உள்ள ஊரில் நீச்சல் தெரியாமல் இருப்பது அப்படியல்ல.

நான் பழகியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்புக் கயிற்றைச் சித்தப்பா மேலிருந்து பிடித்துக்கொள்வார். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் குடுக்கையை அவிழ்த்து என்னைத் தள்ளிவிட்டார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏற, எப்படியோ படியைப் பிடித்துவிட்டேன். அதே நாளில் தள்ளப்பட்ட என் தம்பி போட்டது கடப்பாறை நீச்சல். சித்தப்பா குதித்துத் தூக்கினார். தம்பிக்கு இப்போது அறுபது வயது. கடற்கரைக்குப் போனாலும் கணுக்காலுக்கு மேல் நனைய மாட்டான்.

இதெல்லாம் தெரிந்தும் நானே ஒரு தப்புச் செய்தேன். என் பேத்தியை நாலரை வயதில், ஏப்ரல் மாதக் கூட்டத்தில், முப்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் சேர்த்தேன். அவள் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே இருந்து, "இறங்கு, இறங்கு" என்று சத்தம் போட்டேன். என் சத்தத்துக்காகவே பயிற்சியாளர் அவள் கையைப் பிரித்து உள்ளே இழுத்தார். அவ்வளவுதான். அப்புறம் பல மாதம், எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே அலறினாள்.

மறுபடி ஆரம்பித்தது வீட்டுக் குளியலறையில். ஒரு வாளித் தண்ணீர். அதில் வாயை வைத்து 'புளு புளு' என்று ஊதுவாள். பிறகு மூக்கை முக்கி ஊதினாள். பிறகு முகம் முழுவதும். நீச்சலில் பாதி இந்த மூச்சுதான். தண்ணீருக்குள் மூச்சை விட்டு, வெளியே வந்து இழுக்கத் தெரிந்துவிட்டால் கைகாலை அடிக்கச் சொல்லித் தருவது பெரிய வேலையில்லை. அடுத்த வருஷம் ஜூனில் ஆறே பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பு கிடைத்தது. அந்தப் பெண் பயிற்சியாளர் முதல் வாரம் முழுவதும் படிக்கட்டை விட்டு நகரவில்லை. இரண்டாவது படியில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு எடுக்கச் சொன்னார். அடுத்த நாள் மூன்றாவது படி. ஐந்தாம் நாள் என் பேத்தி, "நாளைக்கு அஞ்சு ரூபா போடுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

எந்த வயது சரி? பெரும்பாலான பிள்ளைகள் நாலு வயதில் பாடத்துக்குத் தயாராகிவிடுவார்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு சொல்கிறது. என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் நாலு வயதை வைத்து உங்கள் பிள்ளையைக் கணக்குப் போடாதீர்கள்.

பணம் கட்டும் முன் ஒருநாள் பிள்ளை இல்லாமல் நீங்கள் மட்டும் போய், ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். சொல்லித் தருகிறவரின் கண் தண்ணீரில் இருக்கிறதா, செல்போனில் இருக்கிறதா? குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிகிறதா? மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் சுத்தமான குளம் என்று நினைக்கிறோம். உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து கிளப்புகிற வாடை அது. நன்றாகப் பராமரிக்கிற குளத்தில் இவ்வளவு வாடை வராது. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உதடு நீலம் பாரித்த பிள்ளையை வெளியே எடுக்காத வகுப்பு வேண்டாம். 'பன்னிரண்டு நாளில் நீச்சல், கியாரண்டி' என்று போர்டு வைத்திருந்தால் அப்படியே நடையைக் கட்டுங்கள்.

வகுப்புக்குப் போகிறானே என்று கண்ணை எடுத்துவிடவும் கூடாது. சினிமாவில் காட்டுவதுபோல் மூழ்குகிற பிள்ளை கையை ஆட்டிக் கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது மூச்சுக்கே நேரமில்லை, கத்துவது எங்கே? சத்தமில்லாமல் போய்விடும். கையில் மாட்டும் காற்றடைத்த பையை நம்பி, குளக்கரையில் அரட்டை அடிக்காதீர்கள். கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். வலிப்பு, காதில் சீழ் போன்ற தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். சரி, சின்ன விஷயம் ஒன்று. வகுப்பு நாளில் தலையில் எண்ணெய் வேண்டாம். சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், இரண்டு இட்லி போதும். குளத்திலிருந்து ஏறும் பிள்ளைக்குப் பசி கொள்ளை கொள்ளையாக வரும். பையில் துண்டோடு வாழைப்பழமும் இருக்கட்டும். வணக்கம்.