அத்திரம்பாக்கத்துக் கற்கள் யாருடையவை?

அன்பர்களே, வணக்கம். மனித இனம் ஆப்பிரிக்காவை விட்டு எப்போது வெளியேறியது என்று கேட்பவர்கள், திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் இந்த ஊருக்கு வந்தார்.

இங்கே கிடைத்த கைக்கோடரியைப் பாருங்கள். குவார்ட்சைட் கல். இரண்டு முகங்களிலும் தட்டித் தட்டிச் சில்லு பெயர்த்திருக்கிறார்கள். அடி அகலம், நுனி கூர்மை. முதல் தட்டு விழும்போதே முடிவான வடிவம் மனசில் இருந்திருக்க வேண்டும். தொல்லியல் ஆய்வாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் தோண்டிய அடுக்குகளில் இவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டார்கள்.

சரி, செய்தது யார்? நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை. வயது ஏறத்தாழ 3 லட்சம்தான். ஆக, இந்தக் கோடரிகளைச் செய்தவர்கள் நமக்கு வெகுமுன்பு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய வேறொரு மனித இனத்தின் வழிவந்தவர்கள். ஜார்ஜியா நாட்டின் த்மனிசியில் அப்படிப்பட்டவர்களின் மண்டையோடுகளே கிடைத்திருக்கின்றன, சுமார் 18 லட்சம் ஆண்டுப் பழமையோடு.

அப்புறம் இன்னொரு திருப்பம். கல்லின் மேற்புறத்தை முதலில் பக்குவப்படுத்தி, ஒரே அடியில் வேண்டிய சில்லைப் பெயர்த்தெடுக்கும் முறைக்கு லெவல்வா என்று பெயர். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பு அல்லது அதற்கும் பிறகு நம் இனத்தவர்தான் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பலர் எழுதி வந்தார்கள். அத்திரம்பாக்கத்தில் அது 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் தெரியவந்தது. இங்கேயே வளர்ந்ததா, வந்தவர்கள் கொண்டுவந்ததா? மனித எலும்பு அங்கே கிடைக்காததால் கேள்வி அப்படியே நிற்கிறது.

இதை வைத்து 'தமிழன் 15 லட்சம் ஆண்டு பழையவன்' என்று மேடையில் முழங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுக்களில் மிகப்பெரும் பங்கு, 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய கூட்டத்திலிருந்து வந்தது. நாமும் அதில் அடக்கம்.

ஒரு வேண்டுகோள். அங்கே போனால் கல்லை எடுத்து வராதீர்கள். புதைந்த கல்லுக்குள் கதிரியக்க அலுமினியம், பெரிலியம் அணுக்கள் எந்த அளவில் சிதைந்திருக்கின்றன என்று அளந்துதான் அந்த 15 லட்சத்தைக் கணக்கிட்டார்கள். அடுக்கை விட்டுப் பிரிந்த கோடரிக்கு அந்த வயதைச் சொல்ல வழியில்லை.