எட்டுப் பேர், ஓர் ஆமைப்பூட்டு

வணக்கம் உறவுகளே. இன்றைக்குச் சமையலும் இல்லை, கிணற்றடியும் இல்லை. ஒரு பூட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

அதற்கு முன் ஒரு கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். போன வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கும் ஓசிடிதான் அக்கா, பேனாக்களை நிறம் பார்த்துத்தான் அடுக்குவேன்." தம்பி, அது உங்களுக்குப் பிடித்த வேலை. பூட்டை இழுத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிடிக்காமலேதான் காலையில் நாற்பது தரம் இழுத்துப் பார்த்தேன். விரல் தோல் உரிந்தது, வவுனியா பஸ் போய்விட்டது, வேலையும் போனது. ஓசிடியை எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிறார்கள்: வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும், அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும். சுழற்சி என்பது சரியான சொல். பேனா அடுக்குவதில் என்ன சுழற்சி?

சரி, பூட்டுக்கு வருகிறேன். மாங்குளத்தில் மாதம் ஒருமுறை இந்த நோயுள்ள நாங்கள் எட்டுப் பேர் கூடுவது உங்களுக்குத் தெரியும். முகமும் பெயரும் காட்டமாட்டேன், கேட்காதீர்கள். இரவல் மண்டபம். பழைய ஆமைப்பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டதால், புதியது வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 1,850 ரூபா! கடைக்காரர் "ஜெர்மன் சாமான், பிள்ளை" என்றார். திருப்பிப் பார்த்தால் அடியில் சீனாவின் பெயர். பெட்டியில் மூன்று திறப்புகள் என்று போட்டிருந்தது, உள்ளே இரண்டுதான். திரும்பிப் போய்க் கேட்டேன். "மூன்றாவதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்கிறார். நான் என்னவும் செய்வேன், அண்ணை. காசு கொடுத்தவள் நான்.

சொல்ல மறந்துவிட்டேன், எங்கள் எட்டுப் பேரில் நான்கு பேருக்குப் பூட்டும் அடுப்பும்தான் பிரச்சினை. ஓர் அக்காவுக்குச் சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கழுவுவது. ஒருவர் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் சரிபாதியாக உடையவில்லை என்று திரும்பத் திரும்ப உடைத்தவர். ஒரே நாளில் பதினொரு தேங்காய்! இப்போதைய விலைக்கு அந்த நோய் தாங்காது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இன்னோர் அண்ணை, மீள்குடியேறி வந்த நாட்களில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து நடந்தவர். அவர் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றி முடித்துப் பலகைகளையும் எடுத்துவிட்டார்கள். அவர் இன்றும் தன் வளவுக்குள் நேற்றைய காலடித் தடத்திலேயே கால் வைக்கிறார். காலடியைப் பார்த்து நட என்று சொல்லி வளர்த்த மண்ணில், எது எச்சரிக்கை, எது நோய் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வருடங்கள் எடுத்தன. உடனே எல்லாம் போரால் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். போரையே காணாத ஊர்களிலும் நூற்றுக்கு இரண்டு பேரளவில் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது.

ஆறுதல் குழு என்றால் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்வது என்று நினைக்கிறீர்களா? எங்கள் குழுவில் அதுதான் தடை. "பூட்டினேனா?" என்று கேட்டால் என் அம்மா "பூட்டினாய், பிள்ளை" என்பார். பாசம்தான். ஆனால் அந்தப் பதில் பத்து நிமிடம் தாங்கும், பிறகு கேள்வி இன்னும் பெரிதாக வந்து நிற்கும். குழுவில் கேட்டால் அந்தக் காலடி அண்ணை பிளேன்டீயை உறிஞ்சியபடி, "பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம்" என்பார். முதல் தடவை எனக்கு வந்த ஆத்திரத்தில் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பயத்துக்கு நேரே நின்று, ஆனால் சடங்கை, அதாவது இழுத்துப் பார்ப்பது, கழுவுவது போன்றதை, செய்யாமல் இருக்கும் சிகிச்சையை லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966இல் எழுதிவைத்தார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1981இல் தொடங்கிய ஒரு குழுவில் ஆளுக்கோர் இலக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த வழியைத்தான் நாங்களும் பிடித்துக்கொண்டோம். அதற்காக மருந்தை நிறுத்திவிட்டு எங்களிடம் வராதீர்கள். இந்த நோய்க்கு மருந்து வேலை செய்யவே எட்டு, பத்துக் கிழமைகள் ஆகும். எனக்கும் ஆனது. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது.

இப்போது சனிக்கிழமைக் கதை. கூட்டம் முடிந்தது. புதுப் பூட்டு. பூட்டுவது யார்? எட்டுப் பேரும் கதவைப் பார்க்கிறோம், ஒருவரும் அசையவில்லை. வெளியே நின்ற ஓட்டோக்காரர், "திறப்பு உடைந்துவிட்டதா?" என்று கேட்டார். வாங்கியவளே பூட்டட்டும் என்று தீர்ப்பானது. ஒருதரம் அழுத்தினேன். டக். அவ்வளவுதான். இழுத்துப் பார்க்கவில்லை. படம் எடுக்கவில்லை. (என் கைத்தொலைபேசியில் பூட்டுப் படங்கள் மட்டும் 312 இருந்தன, நினைவிருக்கிறதா? அழிக்கும்போது உங்களுக்குக் காட்டினேனே.) மற்ற ஏழு பேரும் பூட்டை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எட்டுப் பேரும் வானம் பார்ப்பதுபோலத் திறமையாக நடித்தோம்.

ஸ்கூட்டியில் வரும்போது நெஞ்சு இடித்தது. முறிகண்டியில் நிறுத்தி ஒரு சரை கச்சான் வாங்கி, ஒவ்வொன்றாகத் தோலுரித்துத் தின்றேன். சரையில் பாதி போவதற்குள் கை நடுக்கம் குறைந்தது. கிளிநொச்சி வந்து சேர்ந்தேன், திரும்பவில்லை. இரவு பதினொரு மணிக்குச் சவர்க்கார அக்காவிடமிருந்து குரல் செய்தி: "தங்கச்சி, நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நித்திரை கொள்."

இன்று செவ்வாய். அந்தப் பூட்டு பூட்டியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது திறப்பை மட்டும் அந்தக் கடையில் வாங்கியே தீருவேன்.