மசாலா அரைத்தாயிற்றா?

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, பந்தலுக்கு உள்ளே உட்கார்ந்தும் வெளியே வண்டியில் சாய்ந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பிழைக்க வழியில்லாத வளர்ப்பு உயிரைக் கடைசி மூச்சுவரை வைத்துக் காப்பது கருணையா, வலியில்லாமல் அனுப்பிவைப்பது கருணையா? அனுப்பிவைப்பதுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எங்கள் அணித் தலைவர் பேசும்போது, நான் எங்கள் வீட்டுச் சேவலுக்குக் கடைசி ஊசி போட்டதை ஒரு வரியில் சொன்னார். அடுத்து எழுந்த எதிரணி அக்கா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, சேவலுக்குக் கருணைக்கொலை என்கிறீர்களே, அந்தக் கருணைக்கு மசாலா அரைத்தாயிற்றா?" பந்தலே கைதட்டியது. பின்வரிசையிலிருந்து விசில் வந்தது. அக்கா, நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன். ஆனால் அந்தச் சேவல் யாரென்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிவகங்கைப் பக்கம், காளையார்கோவிலுக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறாள். நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குத் துணை ஆறு சிறுவிடைக் கோழிகளும் ஒரு சேவலும். செவ்வாழை நிறம், கறுத்த வால். அம்மா அதற்கு வைத்த பெயர் பெரியவன். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. சேவல் வந்த நாளிலிருந்து நான் சின்னவன் ஆகிவிட்டேன்!

கல்யாணமான புதிதில் என் மனைவி அம்மாவிடம் போனில் பேசுகிறாள். "பெரியவன் நேத்து ராத்திரி வீட்டுக்கே வரலம்மா, அடுத்த தெருவுலயே தங்கிட்டான்" என்கிறாள் அம்மா. என் மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "உங்களுக்கு ஒரு அண்ணன் இருக்கிறதை ஏன் என்கிட்ட மறைச்சீங்க?" இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிப்போய், பஞ்சாரத்தைத் திறந்து, "இவர்தான் என் அண்ணன்" என்று காட்டிய பிறகுதான் வீட்டில் சமாதானம். அவர் அவளை ஒரு கொத்து கொத்தினார். மூத்தார் உறவு அப்படித் தொடங்கியது. பிறகு அவள் ஊருக்கு வந்தால் போதும், அவள் கையைத் தவிர அவர் வேறு யாரிடமும் தீனி எடுக்க மாட்டார்.

சரி, இப்போது அந்த முருங்கை மரத்துக்கு வருகிறேன்.

கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடப்பது கோழி வளர்க்கிற உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊருக்கும் வந்தார்கள். ஆறு கோழிகளையும் அம்மா பிடித்துக் கொடுத்தாள், இறக்கைக்கு அடியில் ஊசி போட்டாயிற்று. பெரியவன் முறை வந்தது. ஒரே பறத்தல். கூரை மேலே ஒரு கால், அங்கிருந்து முருங்கை உச்சி. அம்மா கம்புத் தானியத்தைக் காட்டிக் கூப்பிடுகிறாள், வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஏறினான், கிளை ஒடிந்ததுதான் மிச்சம். ஊசி போட வந்தவர் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு இன்னும் நாலு தெரு இருக்கிறது. "பாட்டி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பியதும் பெரியவன் உச்சியில் நின்று ஒரு கூவல் போட்டான் பாருங்கள், ஊரே சிரித்தது. அம்மாவுக்கும் பெருமை. "எம்புள்ளைய எவனும் தொட முடியலையே!"

சித்திரை பிறந்தது. வெள்ளைக்கழிச்சல் என்கிற அந்தக் கோழிக்கழிச்சல் வந்தது. ராணிக்கெட் என்று இமயமலை ஊர் ஒன்றின் பெயரால் புத்தகங்களில் இருக்கிற அதே நோய்தான். வைரஸ். வராமல் தடுக்க ஊசி உண்டு, வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. எங்கள் தெருவில் ஊசி போடாத வீட்டுக் கோழியெல்லாம் ஒரே வாரத்தில் போயிற்று. அம்மாவின் ஆறு கோழிகளும் ஒன்றும் ஆகாமல் மேய்ந்தன. முருங்கை உச்சியில் நின்று கூவியவன் மட்டும் கொண்டை கறுத்து, இறக்கையைத் தொங்கப் போட்டு, மூலையில் நின்று தூங்கத் தொடங்கினான்.

நான் லீவு போட்டு ஊருக்குப் போனேன். மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சின்ன வயது டாக்டரம்மா. கழுத்து அதற்குள் முறுக்கிக்கொண்டிருந்தது, அலகு வானத்தைப் பார்க்கிறது. ஒரு கால் விழுந்துவிட்டது. "நோய் நரம்புக்குப் போயிருச்சு. கழுத்து திரும்பின கோழியிலகூட சிலது தப்பிச்சிரும், பொய் சொல்ல மாட்டேன். மூணு நாள் பாருங்க. தானா தண்ணி குடிக்குதா, தானா எழுந்திரிக்குதா, உங்க அம்மா குரலுக்குத் திரும்புதா? மூணும் இல்லைன்னா எனக்குப் போன் பண்ணுங்க. கோழி வலியை வெளியில காட்டாது, அதனால நாம கணக்கு வச்சுத்தான் பார்க்கணும்."

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். மசாலா அரைத்தாயிற்றா?

அரைத்தோம் அக்கா. எட்டு நாள் அரைத்தோம்! எங்கள் வீட்டு அம்மியில் சீரகம் வைத்தோம், மிளகு வைத்தோம், மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் வைத்தோம். கேட்கும்போது குழம்பு மாதிரிதான் இருக்கும். கூடவே வாய்க்கால் ஓரம் போய்ப் பறித்துவந்த கீழாநெல்லியையும் வைத்து அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, பெரியவன் அலகைப் பிரித்து நாக்குக்கு மேலே வைத்தோம். காலையில் நான் அரைப்பேன், சாயங்காலம் அம்மா. என் மனைவி மதுரையிலிருந்து ஓடிவந்து, இங்க் ஃபில்லரில் கேப்பைக்கூழ் ஊட்டினாள். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஒரு சொட்டு தப்பிப் போனாலும் புரையேறும். இரண்டு தடவை ஏறியது. அவள் அழுதுகொண்டே அதன் முதுகைத் தடவினாள். அந்த அம்மியில் அந்த வாரம் அரைத்த மசாலா எங்கள் யார் வாய்க்கும் போகவில்லை அக்கா. அவ்வளவும் அவன் வாய்க்குப் போனது.

இன்னும் கேளுங்கள். எங்கள் ஊரில் கோழி தூங்கத் தொடங்கினால் அன்றைக்கே அறுத்துவிடுவது வழக்கம்தான். என் அப்பாவே அறுத்திருக்கிறார். நான் சாப்பிட்டிருக்கிறேன். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. வருசத்துக்கு இரண்டு தடவை கறி பார்க்கிற வீட்டில் ஒரு கோழி செத்து வீணாகப் போவதை எங்களால் தாங்க முடியாது. அது பசியின் கணக்கு, அதைக் கேலி செய்ய இந்த மேடையில் யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நாங்கள் அவனை அறுக்கவில்லை. கடைசி ஊசி போட்ட கோழியை மனிதர் மட்டுமல்ல, நாயும் காக்கையும் தொடக்கூடாது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். எந்த இடத்தில் தெரியுமா? அந்த முருங்கை மரத்தடியில்.

நடுவர் மணியடிக்கிறார். அய்யா, தலைப்புக்கு வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழிந்தது. தண்ணீர் தானாகக் குடிக்கவில்லை. எழவில்லை. அம்மா "பெரியவனே" என்று கூப்பிட்டால் கண் மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தது. டாக்டரம்மாவுக்கு நான் அன்று போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இன்னும் நாலு நாள் கடத்தினேன். ஏன்? நாளைக்கு எழுந்துவிட்டால்? அது ஒன்று. இன்னொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். என் லீவு முடியப் போகிறது. நான் போய்விட்டால் அம்மா தனியாக அதற்கு ஊட்ட முடியாது. அப்படியென்றால் நான் அதன் வலிக்காக முடிவெடுக்கிறேனா, என் லீவுக்காகவா? ராத்திரி திண்ணையில் படுத்துக்கொண்டு இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

எதிரணித் தலைவர், "படைக்கத் தெரியாத மனிதனுக்கு எடுக்க என்ன உரிமை?" என்று முழங்கினார். அய்யா, இதே கேள்வியைக் காந்தியடிகளிடம் அவர் ஆசிரமத்துக்காரர் ஒருவரே கேட்டிருக்கிறார். 1928. சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி எழ முடியாமல் தவித்தது. இனி வழியில்லை என்று மருத்துவர் கையை விரித்தபின், காந்தி தன் கண்ணெதிரிலேயே ஊசி போட்டு அனுப்பிவைக்கச் சொன்னார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அதன்பின் அவருக்கு வந்த கோபக் கடிதங்கள் கொஞ்சமா? அகிம்சைக்கே இழுக்கு என்றார்கள். அவர் மறைக்கவில்லை, தன் பத்திரிகையிலேயே எழுதினார், கடைசிவரை அது அகிம்சைதான் என்றார். எறும்பை மிதிக்க யோசித்த மனிதர், கன்றுக்குட்டியின் பக்கத்தில் போய் நின்றார். நான் நாலு நாள் திண்ணையில் படுத்திருந்தேன். அந்த நாலு நாளும் வலி யாருக்கு? எனக்கில்லை.

ஒன்பதாம் நாள் விடிகாலை. சாக்கை விலக்கிப் பார்க்கிறேன். ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறான். கண் ஓரத்தில் எறும்பு. வரிசையாகச் சுவரிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. அவன் விழித்திருக்கிறான். தலையை உதற முடியவில்லை. முருங்கை உச்சிக்கே பறந்து ஏறியவனுக்கு, கண்ணில் ஏறுகிற எறும்பை உதற முடியவில்லை.

அம்மா பின்னால் நின்று பார்த்தாள். முந்தானையால் ஒவ்வோர் எறும்பாகத் துடைத்தாள். "போதும்டா சின்னவனே. டாக்டருக்குப் போனைப் போடு."

டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து அவனை மடியில் வாங்கிக்கொண்டாள். திருகிய கழுத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். முதலில் மயக்க ஊசி. இறக்கைக்கு அடியில். பிப்ரவரியில் அவன் தப்பித்தோடிய அதே இடம். இந்தத் தடவை ஓடவில்லை. ஒன்பது நாளில் முதன்முறையாக அந்தக் கழுத்து மெல்லத் தளர்ந்தது, நேராக வந்தது, அம்மா கையில் சாய்ந்தது. முறுக்கு விட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டாவது ஊசி.

ஆறு வருசம் அவளை எழுப்பியவன். அவள் ஒரு சொட்டு கண்ணீர் விடவில்லை. குழி மூடி, கைகால் கழுவி, எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் மதுரைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். பையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்.

"ஏண்டா, எனக்கும் ஒரு நாள் முடியாமப் போகும்ல. அப்ப இப்படி மடியில வச்சுக்குவியா?"

ஊசியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுவர் அவர்களே, நான் இந்த அணிக்காகப் பேச வந்தவன், எனக்கு அந்த இடத்தில் வாதம் ஒன்றும் வரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. அன்று ராத்திரி ஊரிலேயே தங்கினேன்.

வச்சுக்குவேன்மா.

நன்றி, வணக்கம்.