மன்னர் தானே தேடிக்கொண்ட முடிவு

நேயர்களுக்கு வணக்கம்.

2008 மே 28 அன்று, புதிய அரசியல் சட்டம் எழுதத் தேர்ந்தெடுக்கப்பட்ட நேபாள அரசியல் நிர்ணய சபையில் வாக்கெடுப்பு. முடியாட்சியை ஒழிக்க 560 பேர் கை தூக்கினார்கள். எதிர்த்தவர்கள் 4 பேர். சுமார் 240 ஆண்டு ஷா வம்ச ஆட்சி அத்தோடு சரி. மாவோயிஸ்ட்டுகள்தான் மன்னரை இறக்கினார்கள் என்பார்கள். என்னைக் கேட்டால், அதில் பெரும்பங்கு மன்னர் ஞானேந்திராவையே சேரும்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1959 தேர்தலில் வென்று பிரதமரான பி.பி. கொய்ராலாவை அடுத்த ஆண்டே சிறையில் தள்ளி, கட்சிகளுக்கும் தடை போட்டார் மன்னர் மகேந்திரா. 1990இல் மக்கள் தெருவுக்கு வந்தபோது அவர் மகன் பிரேந்திரா விட்டுக்கொடுத்தார். அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மன்னராக இருக்கச் சம்மதித்ததால் அரியணை தப்பியது. 1996இல் மாவோயிஸ்ட்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். 2001 ஜூனில் அரண்மனைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பிரேந்திரா குடும்பத்தோடு மாண்டார். தம்பி ஞானேந்திரா மன்னரானார்.

அண்ணனிடமிருந்த நிதானம் தம்பியிடம் இல்லை. 2005 பிப்ரவரி 1 காலையில் தொலைக்காட்சியில் தோன்றி, அரசைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். பேசி முடித்த கையோடு நாடெங்கும் தொலைபேசிகள் செத்தன. தலைவர்களுக்கு வீட்டுக்காவல். எஃப்.எம். வானொலிகள் பாட்டுப் போடலாம், செய்தி மட்டும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

அதுவரை கட்சிகளும் மாவோயிஸ்ட்டுகளும் கீரியும் பாம்பும். கட்சிகளின் ஆட்சியில்தான் மாவோயிஸ்ட்டுகள் மேல் ராணுவம் ஏவப்பட்டது. இரு தரப்பையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டவர் மன்னர். அதே ஆண்டு நவம்பரில் 7 கட்சிகளும் மாவோயிஸ்ட்டுகளும் மன்னருக்கு எதிராக 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தன. 2006 ஏப்ரலில் ஊரடங்கையும் மீறி 19 நாள் போராட்டம். கட்சிகளே பிரதமர் பெயரைச் சொல்லுங்கள் என்று நடுவில் மன்னர் கொஞ்சம் இறங்கிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. 2002இல் கலைக்கப்பட்டிருந்த நாடாளுமன்றத்தைத் திரும்பக் கூட்டியபின்தான் கூட்டம் கலைந்தது.

அப்புறம் அவரை ஒவ்வொரு இடமாக அகற்றினார்கள். ராணுவத்தின் பெயரிலிருந்து ‘அரச’ போயிற்று. ரூபாய் நோட்டில் மன்னர் முகம் இருந்த இடத்துக்கு எவரெஸ்ட் வந்தது. ஆனால் கையிருப்பில் இருந்த நோட்டுத் தாளின் நீரெழுத்தில் (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் உருவத்தில்) அவர் முகம் ஏற்கெனவே பதிந்திருந்ததே! அதன்மேல் நேபாளத்தின் தேசிய மலரான லாலி குராஸ் பூவை அச்சடித்து மறைத்தார்கள்.

2008 ஜூனில் கிரீடத்தை ஒப்படைத்துவிட்டு நாராயணஹிட்டி அரண்மனையை விட்டு வெளியேறினார் ஞானேந்திரா. நாடு கடத்தவில்லை, குடிமகனாக நேபாளத்திலேயே தங்கினார். ஜூலையில் ராம் பரண் யாதவ் என்ற மருத்துவர் முதல் குடியரசுத் தலைவரானார். புதிய அரசியல் சட்டத்தைத்தான் அந்தச் சபையால் எழுதி முடிக்க முடியவில்லை. 2012இல் அது கலைந்து, இன்னொரு சபையைத் தேர்ந்தெடுத்து, சட்டம் நடைமுறைக்கு வர 2015 செப்டம்பர் ஆகிவிட்டது.